வயிற்றில் அடித்தல்

வேலை பறிபோவதைச் சொல்லத் தமிழில் தொடர்களுக்குப் பஞ்சமில்லை. அலுவலகத்தில் ஒருவரை நீக்கினால் "சீட்டைக் கிழித்துவிட்டார்கள்" என்கிறோம். சொல்லாமல் கொள்ளாமல் அனுப்பிவிட்டால் "கல்தா கொடுத்துவிட்டார்கள்" என்கிறோம். எங்கள் குமரி மாவட்டத்தில் அன்றாடக் கூலியை நம்பி வாழ்வோரிடம் நான் அதிகம் கேட்பது "வயித்துல அடிச்சிட்டாவ" என்பதுதான். வேலை போனது என்பதோடு, போக்கியவர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லும் வழக்கு இது.

குலசேகரம் பகுதியில் ரப்பர் வெட்டுபவர்களை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் மழை பிடித்துவிட்டால், பட்டையில் கீறிய காடி வழியே சிரட்டைக்கு வடிய வேண்டிய பால் மழைநீரோடு மரமெங்கும் பரவி வீணாகும் என்பதால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் பலருக்குக் கூலியும் இல்லை. அப்போது "பிழைப்பில் மண் விழுந்தது" என்பதே பொருந்தும், ஏனெனில் மழையின் மீது யாரும் வழக்குத் தொடுக்க முடியாது. முந்திரி ஆலை, அதாவது எங்கள் பேச்சில் அண்டியாபீஸ், முன்னறிவிப்பின்றிப் பூட்டப்படும்போது நிலைமை வேறு. தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்துப் பொள்ளிய விரல்களோடு ஆண்டுக்கணக்கில் கொட்டை உடைத்த பெண்கள் பூட்டிய வாசலில் நின்று "வயித்துல அடிச்சிட்டாவ" என்னும்போது, அது முறையீடு. விசைப்படகுகள் கரையோரம் வந்து மீனை வாரிச் செல்வதைப் பற்றி நாட்டுப்படகுக்காரர்கள் இதையே சொல்வதும் அப்படித்தான்.

"கொள்" என்னும் துணைவினை சேர்ந்தால் பொருள் அடியோடு மாறிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்வது துக்கம் தாளாமல் அழுவது. அங்கே குற்றவாளி இல்லை.

பதவி உயர்வு கிடைக்காதவரும் இடமாற்றம் பெற்றவரும் இத்தொடரைப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். அடுத்த வேளைச் சோறு கேள்விக்குறியாகும் இடத்தில்தான் இதற்கு உயிர் உண்டு. வேலை இழப்பவர் ஒருவரே ஆனாலும் பெரும்பாலும் "எங்க வயித்துல" என்றே சொல்வார். மேலாளரிடம் கெஞ்ச நேர்ந்தாலோ, தம்மைப் பற்றிய பேச்சே இல்லாமல், "பிள்ளைங்க வயித்துல அடிக்காதீங்க, ஐயா" என்பார்.