அப்ப ஏன் சுருங்குது?

"மூளையே இல்லண்ணே, அப்புறம் எப்படி வலிக்கும்?" என்று நான் சொன்னதில் பிழை எதுவும் இல்லை என்று பல ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். மரபணுச் சோதனைக்காக நட்சத்திர மீனின் கைநுனியைக் கத்தரித்துக் குப்பியில் போட்டபோது, "இதுக்கு நோவாதா தம்பி?" என்று படகோட்டி அண்ணன் கேட்டதற்கு நான் தந்த பதில் அது. அவர் வாளிக்குள் பார்த்தபடியே, "அப்ப ஏன் சுருங்குது?" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

சொல்வதற்கு என்னிடம் பாடம் இருந்தது. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், அதிலிருந்து கைக்கு ஒன்றாக ஓடும் நரம்பு வடம், இவை தவிரத் தலைமை தாங்கும் உறுப்பு எதுவும் அதற்குக் கிடையாது. முதுகிலுள்ள சல்லடைத் தட்டோடு இணைந்த குழல்களில் நிறைந்திருக்கும் நீரின் அழுத்தத்தால் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள் நீண்டு சுருங்குகின்றன. தொட்டால் அவை உள்ளிழுத்துக்கொள்வது அனிச்சைச் செயல். இழந்த கைநுனி மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்துவிடும். இவை எல்லாம் உண்மைதான்.

ஆனால் அந்த நுனியில்தான் அதன் கண் இருக்கிறது. சிவந்த சிறு புள்ளியாகத் தெரியும் அந்தக் கண்ணின் உதவியால், விலகிப்போன நீல நட்சத்திர மீன் பவளத்திட்டுக்குத் திரும்பி நடக்கிறது என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. தலையே இல்லாத உயிர் என்று நாங்கள் படித்த நட்சத்திர மீனின் உடல் முழுவதிலும் தலைக்குரிய மரபணுக்களே பெரும்பாலும் இயங்குகின்றன என்றும், உடற்பகுதிக்குரியவை ஏறக்குறைய இல்லை என்றும் 2023இல் இன்னோர் ஆய்வு வந்தது. இவற்றில் எதுவும் வலியை நிரூபிக்கவில்லை என்பதை நான் அறிவேன். அறிந்தும் அந்தக் கட்டுரையை வாசித்த இரவில் உறங்க முடியவில்லை.

இரண்டு மூன்று குழாய்க்கால்களை எடுத்தாலே சோதனைக்குப் போதும் என்பது அன்றே எனக்குத் தெரியும். நுனியை வெட்டுவது விரைவான வேலை, பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. வலையில் சிக்கிக் கை ஒடிந்தவற்றை அவரும்தான் நாள்தோறும் உதறி எறிகிறார் என்று சில வேளைகளில் நினைத்துக்கொள்கிறேன். உடனே, அவர் என்னைக் குறை சொல்லவே இல்லையே, வெறுமனே கேட்டார் அல்லவா என்றும் தோன்றுகிறது. இப்போது குழாய்க்கால்களை மட்டுமே எடுக்கிறேன். அது அந்தக் கேள்விக்குப் பதிலா என்று தெரியவில்லை.

அவர் வாளியைக் கடலில் கவிழ்க்கப் போனபோது, வெட்டுப்பட்ட கையைப் பின்னால் விட்டு, எதிர்ப்புறக் கையை முன்னே நீட்டி, அது வாளியின் விளிம்புவரை ஏறியிருந்தது.