கிரிகல்பொத்தைக்கு நடந்து போய் வந்த கதை

இலங்கை மலைநாட்டின் ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் அநேகமாக எல்லோரும் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்குத்தான் போகிறார்கள். அந்தச் சுற்றுப் பாதை ஒன்பது கிலோமீட்டர் வரும். போகிற வழியெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், குடும்பங்கள், செல்ஃபி. அது தொடங்கும் அதே இடத்திலிருந்து மேற்குப் பக்கமாக இன்னொரு பாதை பிரிகிறது. அதில் ஏழு கிலோமீட்டர் நடந்தால் கிரிகல்பொத்த மலை. பீதுருதாலகால மலைக்கு அடுத்தபடியாக இலங்கையின் இரண்டாவது உயரமான மலை, சுமார் 2,390 மீட்டர். முதலாவது மலையின் உச்சி பாதுகாப்பு வலயம், நடந்து ஏற விடமாட்டார்கள். ஆக, நம் காலால் ஏறக்கூடிய மிக உயரமான இடம் இதுதான். சிவனொளிபாத மலையைவிட நூறு மீட்டருக்கு மேல் உயரம். ஆனாலும் நாங்கள் போன அன்று போக ஏழு, வர ஏழு என்று பதினான்கு கிலோமீட்டரில் ஒரு மனிதரைக்கூடக் காணவில்லை.

நான், என் தம்பி, மாமா மகள் என்று மூன்று பேர். போனது பெப்ரவரியில். ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் அந்தப் பக்கம் மழை குறைவு. ஆனால் அந்த மாதங்களில் விடியற்காலைக் குளிர் எலும்பு வரை போகும், சில நாட்களில் புல் நுனியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ரயிலில் வருவதென்றால் பட்டிபொலவிலோ ஒஹியவிலோ இறங்க வேண்டும். காலையில் வாசல் திறக்கும் நேரத்துக்கு அது ஒத்துவராது என்று நுவரெலியாவில் இரவு தங்கி, வான் பிடித்துப் போனோம். "இவ்வளவு இருட்டுலயா போகணும்? உலக முடிவு எங்கயும் ஓடிப் போயிடாது தங்கச்சி" என்றார் ஓட்டுநர் அண்ணன். கிரிகல்பொத்த என்றதும் கண்ணாடி வழியாக ஒரு முறை பார்த்தார், அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு வாசலில் டிக்கெட். அங்கிருந்து ஃபார் இன் வரை வாகனத்திலேயே போகலாம். தோட்டத்துரை தாமஸ் ஃபாரின் பெயரைத் தாங்கிய பழைய வேட்டை பங்களா அது, இப்போது பூங்காவின் பார்வையாளர் நிலையம். வெளியே மரைகள், அதாவது கடமான்கள், மனிதரைக் கண்டு பயமில்லாமல் நிற்கின்றன. அவற்றுக்குத் தின்ன எதையும் கொடுக்கக் கூடாது. பைகளைச் சோதித்துப் பொலித்தீன் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளைக்கூட உரிக்கச் சொல்வார்கள். எங்கள் ரொட்டியும் சம்பலும் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்ததால் தப்பித்தன. கிரிகல்பொத்தவுக்குப் போகிறோம் என்று அங்கேயே சொல்லிவிட்டுப் போவது நல்லது. ஒருவர் திரும்பி வரவில்லையென்றால் தேடுவதற்கு அந்தப் பாதையில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

உயரக் கணக்கைப் பார்த்தால் இது ஒன்றுமில்லாத மலை. சமவெளியே 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மிச்சம் ஏற வேண்டியது முந்நூறு மீட்டருக்குள். "இதுக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்று தம்பி கேட்டான். அவனுக்குப் பதில் சொன்னது முதல் சேற்று நிலம்.

இந்தச் சேற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே புல் அடர்த்தியாக, காய்ந்த மாதிரி, பழுப்பாக இருக்கும். கால் வைத்தால் கணுக்கால் வரை, சில இடங்களில் முழங்கால் வரை கறுப்புச் சேறு. மழை பெய்து பல நாளானாலும் காயாது. ஊறிய பாண் துண்டு மாதிரி தண்ணீரை வைத்துக்கொண்டே இருக்கிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்தச் சமவெளியிலிருந்துதான் தண்ணீர் இறங்குகிறது. என் சப்பாத்துக்குள் புகுந்த தண்ணீரில் ஒரு பங்கு, என்னைத் தொந்தரவு பண்ணாமல் விட்டிருந்தால், திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் போய்க் கடலில் சேர்ந்திருக்கும். பெரிய புற்கொத்துகளின் அடியில் கால் வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போவதுதான் வழி. கையில் ஒரு தடி இருந்தால் ஆழம் பார்க்கலாம். சுற்றிப் போகலாம் என்று பாதையை விட்டு விலகினால் சேறு இன்னும் மோசம், புல்லும் நாசமாகும்.

இரண்டாவது தொந்தரவு, மரைகள் நடந்து நடந்து உண்டாக்கிய தடங்கள். பார்ப்பதற்கு மனிதர் போகும் பாதை போலவே இருக்கும், கொஞ்ச தூரம் போய் ஓடைக்கரையில் முடிந்துவிடும். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது, அதனால் முன்கூட்டியே தரவிறக்கிய வரைபடத்தைத்தான் நம்பினோம். பிரிவு வரும் இடங்களில் நின்று, சப்பாத்துத் தடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்த பிறகே நடந்தோம். ஓர் இடத்தில் ரோமம் கலந்த எச்சம் கிடந்தது. சிறுத்தைதான். மாமா மகள் அதைப் படம் எடுத்தாள். அதற்குப் பிறகு யாரும் தனியாகப் பின்தங்கவில்லை.

புல்வெளி முடிந்து காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகிவிடுகிறது. மரங்களெல்லாம் குட்டை, காற்றுக்கு வளைந்தவை, பாசியும் தொங்குகிறது. குடை விரித்த மாதிரி நிற்பவை கீன மரங்கள். அடியில் நெலுச் செடிகள், நம் குறிஞ்சிக்குச் சொந்தம், 12 வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பூப்பவை. அன்று பூ எதுவும் இல்லை. கடைசி ஏற்றம் மட்டும்தான் உண்மையிலேயே மலை ஏறுவது போல இருந்தது: வேர்களையும் பாறைகளையும் கையால் பிடித்து ஏற வேண்டும். நீளமில்லை, ஆனால் ஈரமான வேர் வழுக்கும். இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

உச்சி சின்னது. மேற்கே வானம் திறந்திருந்தது. சிவனொளிபாதத்தின் கூம்பு தூரத்தில் நீலமாக, கீழே பொகவந்தலாவை, அக்கரபத்தனைப் பக்கத்துத் தேயிலை மலைகள். நான் வளர்ந்தது அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில். கொழுந்து பறிக்கப் போன அம்மா நிமிர்ந்து பார்க்கும் மேகம் மூடிய மலைத்தொடர் இதுதான். தம்பி எங்கள் தோட்டத்தைக் கண்டுபிடிக்கப் பார்த்தான். ஒவ்வொரு தகரக் கூரையையும் காட்டி "அதுதான், அதுதான்" என்றான். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

பத்தரை மணிக்கு இறங்க வேண்டும் என்று காலையிலேயே பேசி வைத்திருந்தோம். இந்த நடையில் நான் முக்கியமாக நினைப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான். பதினொரு மணி போலப் பனிமூட்டம் கீழேயிருந்து ஏறி வரும், வந்தால் பத்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது, சேற்று நிலத்தில் எந்தத் தடம் யாருடையது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் குறித்த நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். நாங்கள் காட்டிலிருந்து வெளியே வந்தபோது மூட்டம் ஓடையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. மிச்சத் தூரத்தை நெருக்கமாக ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். ஃபார் இன் வந்து சேர ஒன்றரை மணியாகிவிட்டது.

போகிறவர்களுக்கு: இரண்டு சோடி காலுறை, மழைச்சட்டை, ஆளுக்கு இரண்டு லீட்டர் தண்ணீர். வெள்ளை சப்பாத்து வேண்டாம். இரண்டு பேராகப் போவதை விட மூன்று பேராகப் போங்கள், ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் கூட இருக்க, இன்னொருவர் நடந்து போய்ச் சொல்லலாம்.