கம்ப்யூட்டருக்கும் ஓர் எடை நோட்டு

போன ஆவணியில் ஒரு நாள் காலை, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு வியாபாரியின் கடையில் கணக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். முந்தைய இரவு ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை அதில் எதுவுமே நடக்கவில்லை என்று அதன் லாக், அதாவது நடப்பதைத் தானே எழுதிவைக்கும் பதிவு, சொன்னது. கடைக்குள் வரும் போகும் இணையத் தகவலைக் காவல் காக்கும் ஃபயர்வாலைத் திறந்து பார்த்தால், அதே நேரத்தில் அதே கம்ப்யூட்டரிலிருந்து 400 எம்பிக்கு மேல் வெளியே போயிருக்கிறது.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அந்தக் கடைக்கு ஏஐ வைத்த கண்காணிப்பை அமைத்துக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பழக்கத்தையும் அது கற்றுக்கொள்ளும்: எப்போது திறக்கிறார்கள், யார் நுழைகிறார்கள், எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது. பழக்கம் மாறினால் எனக்குச் செய்தி வரும். அன்று எந்தச் செய்தியும் வரவில்லை. கம்ப்யூட்டர்களின் லாக்கை மட்டும்தான் அதற்குக் கொடுத்திருந்தேன், ஃபயர்வால் பதிவுகளை இணைக்கவில்லை. அது என் தவறு.

"ஏம்மா, அதான் ஏஐ போட்டாச்சே, அது பார்க்கலையா?" என்று கடைக்காரர் கேட்டார்.

பார்த்தது. அதன் கண்ணுக்குக் காட்டப்பட்டதைப் பார்த்தது. யாரோ ஒரு திருட்டு மென்பொருளைப் போடுவதற்காக செக்யூர் பூட்டை (Secure Boot: கம்ப்யூட்டர் தொடங்கும்போது, அதாவது பூட் ஆகும்போது, முறையான கையெழுத்துள்ள நிரலை மட்டும் ஓட விடும் காவல்) அணைத்திருக்கிறார்கள். அதோடு சேர்ந்து டிரைவர் என்ற வகைத் திருட்டு நிரல் ஒன்று உள்ளே வந்து, இயங்குதளத்துக்கு அடியிலேயே உட்கார்ந்துகொண்டது. தான் செய்வதை மறைத்தது, லாக்கில் தன் வரிகளை விழாமல் தடுத்தது. இப்படி நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், 180 நாள் லாக்கை வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது. நேரத்துக்குள் எழுதி அனுப்பினோம். ஆனால் நாங்கள் பத்திரமாக வைத்திருந்த லாக்கே பொய் என்பது இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்பா கொலுசுப் பட்டறையில் நாற்பது வருடம் இருந்தவர். பட்டறையில் வெள்ளி பல கை மாறும். கம்பி இழுப்பவர், கண்ணி கோப்பவர், பொடி வைத்து ஊதுபவர், மெருகு போடுபவர். ஒவ்வொரு கைக்கும் கொடுக்கும்போது ஓர் எடை, திரும்ப வாங்கும்போது ஓர் எடை. எல்லாம் ஒரே நோட்டில் ஏறும். நடுவில் ஒரு வரியை மாற்றினால் அடுத்த வரியிலிருந்து கணக்கு உதைக்கும். சின்ன வயதில் லீவு நாளில் நான் அந்த நோட்டு எழுதியிருக்கிறேன். "யாரும் வாயால சொல்ற எடையை ஏத்தாதே கண்ணு, தராசுல வெச்சுப் பார்த்துட்டு எழுது" என்பார்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு செய்வது ஏறக்குறைய இதைத்தான். டிரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் என்ற அமைப்பு 2003-இல் தொடங்கியது. இந்தச் சில்லுக்கான தர விதிகளை வகுப்பது அதுதான். விண்டோஸ் 11 வந்தபோது டிபிஎம் 2.0 கட்டாயம் என்றார்களே, அதே சில்லு. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும் நிரல், தனக்கு அடுத்து ஓடப்போகும் நிரலின் ஹாஷை (ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை மாதிரியான எண்) எடுத்து டிபிஎம்மில் பதிந்த பிறகே அதை ஓட விடும். அது அதற்கடுத்ததைப் பதியும். எடை போட்ட பிறகுதான் அடுத்த கைக்கு.

பதியும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. டிபிஎம்முக்குள் இருக்கும் பிசிஆர் என்ற பதிவேட்டில் நேராக ஒரு மதிப்பை எழுத வழியே கிடையாது. ஏற்கனவே இருக்கும் மதிப்போடு புதிய அளவீட்டைச் சேர்த்து மறுபடி ஹாஷ் எடுப்பார்கள். அந்த விடைதான் உள்ளே உட்காரும். பின்னால் வந்து சேரும் திருட்டு டிரைவர் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும், தான் வருவதற்கு முன் பதிந்த வரியை அழிக்க முடியாது. ஹார்ட் டிஸ்கைப் பூட்டும் சாவியையும் இந்த மதிப்போடு கட்டிவைக்கலாம். யாராவது செக்யூர் பூட்டை அணைத்தால் மதிப்பு மாறும், சாவி வெளியே வராது, டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். கடைக்காரருக்கு அந்த எண்ணை அச்சடித்துக் கொடுத்தேன். வெள்ளி வைக்கும் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

அப்புறம், அந்த மதிப்புகளில் சில்லே டிஜிட்டல் கையெழுத்திட்டு என் சர்வருக்கு அனுப்பும்படி செய்தேன். ஒவ்வொரு முறையும் சர்வர் ஒரு புதிய எண்ணை அனுப்பும், அதையும் சேர்த்துத்தான் கையெழுத்து வர வேண்டும். நேற்றைய நல்ல பதிலை இன்று திருப்பி அனுப்பி ஏமாற்ற முடியாது.

இவ்வளவும் இருந்தால் ஏஐ எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தராசு எடையைச் சொல்லும், வெள்ளியின் டச்சை, அதாவது சுத்தத்தை, சொல்லாது. 2023-இல் ஆராய்ச்சியாளர்கள் உறுதிசெய்த பிளாக்லோட்டஸ் என்ற, பூட் நேரத்திலேயே நுழையும் திருட்டு நிரல், முறையாகக் கையெழுத்திடப்பட்ட ஒரு பழைய பூட் கோப்பைப் பயன்படுத்தித்தான் செக்யூர் பூட்டைத் தாண்டியது. ஓட்டையைச் சரிசெய்த பிறகும் பழைய கோப்பின் கையெழுத்து செல்லுபடியாகவே இருந்தது. பூட் ஆகி முடிந்த பிறகு, திருடிய பாஸ்வேர்டோடு ஒருவர் நுழைந்தாலும் டிபிஎம்முக்குத் தெரியாது. அங்கே பழக்கத்தைப் படிக்கும் கண் வேண்டும்.

அந்தக் கண்ணுக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு நாளில் 1,00,000 நிகழ்வுகள், அதில் 10 மட்டும் கெட்டவை என்று வைத்துக்கொள்வோம். ஏஐ மாடல் 99 சதவீதம் சரியாகச் சொன்னாலும், நல்ல நிகழ்வுகளில் ஏறக்குறைய 1,000 மீது தவறாகக் கை காட்டும். ஆயிரத்துப் பத்தில் உண்மையான பத்தை நான் எப்படிப் பொறுக்குவேன்? தீபாவளிக்கு முன் வடநாட்டு ஆர்டர்களுக்காகப் பட்டறைகள் நள்ளிரவு வரை ஓடும். அந்த வாரம் முழுக்க என் போன் கதறிக்கொண்டே இருக்கும். அதனால் இப்போது மாடலுக்கு லாக்கோடு பிசிஆர் மதிப்புகளையும் கொடுக்கிறேன். அளவீடு சரியாக இருக்கும் கம்ப்யூட்டரின் இரவு வேலை எச்சரிக்கைப் பட்டியலில் கீழே போகும். அளவீடு மாறிய கம்ப்யூட்டரின் சின்ன அசைவும் மேலே வரும்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு பயன் கிடைத்தது. விண்டோஸ் அப்டேட் வந்து பூட் கோப்பு மாறினால், அதன் அளவீடு ஏறும் பதிவேடான பிசிஆர் 4 மாறும். நல்ல மாற்றமா கெட்ட மாற்றமா என்று ஒரு கம்ப்யூட்டரை மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம். என் பொறுப்பில் ஒரே ரகக் கம்ப்யூட்டர்கள் ஒன்பது, வேறுவேறு இடங்களில் இருக்கின்றன. போன மாதம் அதில் எட்டு ஒரே புதிய மதிப்புக்கு மாறின. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் இருப்பது மட்டும் பழைய மதிப்பிலேயே நின்றது. ஏஐ மாடல் அதை முதல் வரியில் காட்டியது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் லாக்கில் அப்டேட் வெற்றி என்று இருந்தது.

மலையில் மூடுபனியும் மழையும் சேர்ந்தால் இணைப்பே அறுந்துபோகும். அங்கிருந்து தகவல் வராததை மட்டும் வைத்து நான் பதறுவதில்லை. இது அப்படி இல்லை. தகவல் வந்தது, கையெழுத்தும் சரி, மதிப்பு மட்டும் பழையது. அதாவது பிளாக்லோட்டஸ் மாதிரி ஒன்று நுழையத் தோதான பழைய பூட் கோப்பு இன்னும் அங்கே ஓடுகிறது.

மறுநாள் காலை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். பூட் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதியான இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இடமே இல்லை. யாரோ எப்போதோ போட்ட பழைய கோப்புகள் அடைத்துக்கொண்டிருந்தன, புதிய பூட் கோப்பு உள்ளே வர முடியாமல் நின்றிருக்கிறது. பிரதி எடுத்துக்கொண்டு, தேவையில்லாததை நீக்கி, அப்டேட்டை மறுபடி ஓட்டினேன். மறுபடி பூட் ஆனதும் கீழே சேலத்திலிருந்த சர்வருக்குப் புதிய மதிப்பு போய்ச் சேர்ந்தது. மற்ற எட்டோடு எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தேன், ஒத்துப்போனது.