ஒரத்துப்பாளையத்து உப்பு

நொய்யலின் குறுக்கே, பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த அணை ஒரத்துப்பாளையம். சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று விவசாயிகளே நீதிமன்றம் போன கொடுமையை என்னவென்று சொல்வது!

எல்லோரும் ஆற்றின் நிறத்தையே பேசுகிறோம். எனக்குப் பயம் உப்பின் மேல்தான். பருத்தியில் சாயம் ஏற உப்பைக் கொட்டுகிறார்கள். அது துணியில் தங்காமல் கழிவுநீரோடு வந்துவிடுகிறது. சாயத்தையாவது நுண்ணுயிரிகள் ஓரளவு சிதைக்கும். உப்பைச் சிதைக்க எந்த உயிராலும் முடியாது. வயலில் வெள்ளையாகப் பூக்கும், மண் இறுகும், கிணறு கரிக்கும், தென்னை குருத்தோடு கருகும்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சரியான தீர்ப்பு. ஆனால் நிலத்தடிக்கு இறங்கிவிட்ட உப்பு? ஆற்றோரக் கிணறுகளின் உப்பளவை ஆண்டுதோறும் அளந்து, அந்தந்த ஊராட்சிப் பலகையிலேயே எழுதிப் போடுங்கள்.