சாவியைக் கொடுத்த பிறகு

முப்பத்து நான்கு வருஷம் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, போன மே 31 அன்று ஓய்வு பெற்றேன். பென்ஷன் கேட்டு அனுப்பும் கருத்துரு, ஜோடி போட்டோ, கருவூலம், ஆதாரில் மனைவியின் இன்ஷியல் திருத்தம் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. ஓய்வு வயது 58 என்பது 59 ஆகி, 2021-இல் 60 ஆனது. அப்படிக் கூடுதலாகக் கிடைத்த இரண்டு வருஷத்தில்கூட, நாளைக்கு வீட்டில் பகல் முழுக்க என்ன செய்யப்போகிறோம் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

முதல் அடி அலுவலகத்திலேயே விழுந்தது. அலுவலகத்துக்கு நான் எதுவும் பாக்கி வைக்கவில்லை என்று தரும் நிலுவையின்மைச் சான்று ஒன்றை வாங்காமல் வந்துவிட்டேன். அதற்காக மூன்று முறை போனேன். நான் வேலை கற்றுக்கொடுத்த பையன்தான் அந்த சீட்டில் இருந்தான். "உட்காருங்க சார்" என்றான், தலையை நிமிர்த்தவில்லை. இருபது நிமிஷம் கழித்து, "ஃபைல் மேல போயிருக்கு, அடுத்த வாரம் வாங்க." பீரோ சாவி அவன் மேஜைமேல் கிடந்தது. நான் கட்டிய சிவப்புக் கயிறு அப்படியே இருந்தது. பாலாற்றுப் பாலம் தாண்டிக் காட்பாடி வரும்வரை பஸ்ஸில் யாரோடும் பேச முடியவில்லை.

ஓய்வு பெறப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சாவியைக் கொடுக்கும் முன்பே எல்லாச் சான்றையும் கையில் வாங்கிவிடுங்கள். பணிப்பதிவேட்டுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் ஆறு மாதத்துக்காவது அந்தப் பக்கம் போகாதீர்கள். அங்கே மரியாதை நாற்காலிக்குத்தான். அது தெரிந்திருந்தும் எனக்கு வலித்தது.

வீட்டில் நடந்தது இதைவிடப் பெரியது. பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் எங்கள் ஹாலில் உட்கார்ந்து பூக்கட்டுவார்களாம். எத்தனையோ வருஷமாக நடக்கிறது, எனக்குத் தெரியாது. ஜூனில் அவர்கள் வாசல்வரை வருவதும், நான் பேப்பரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "அப்புறம் வரோம்க்கா" என்று திரும்புவதுமாக இருந்தார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவி சொன்னாள்: "நீங்க ஆபீஸ் போனப்புறம்தாங்க இந்த வீடு எனக்கு. அதுவும் இப்ப போச்சு."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வேலை போனதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய பகலை நான் எடுத்துக்கொண்டது கண்ணில் படவே இல்லை. இந்தப் பேச்சை ஓய்வுக்கு ஒரு வருஷம் முன்பே மனைவியோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பணிக்கொடைக் கணக்கை எத்தனை முறை போட்டுப் பார்த்தோம்!

காலையில் வேலூர்க் கோட்டை அகழியைச் சுற்றி நடப்பது உடம்புக்கு நல்லது, ஆனால் ஏழு மணிக்கே முடிந்துவிடுகிறது. மிச்ச நாளுக்கு, நமக்குத் தெரிந்த வேலையே ஏதாவது வேண்டும். திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்குக் காசு வாங்காமல் மனு எழுதிக் கொடுக்கிறேன். போன வாரம் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, முதியோர் உதவித்தொகைக்காக வந்திருந்தார். எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "என் பேரு பெருசா தெரியுதா சாமி?" என்றார். பெயரின் கீழே ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.

இப்போது திங்கட்கிழமையானால் என் பழைய டிபன் பாக்ஸை மனைவியே எடுத்து வைக்கிறாள். நான் கிளம்பும்போது, ஹாலில் பாய் விரித்திருக்கிறது.