படபடப்பு ஓய்வதற்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும்

"ஈசிஜி நார்மல், டென்ஷன்தான், வாயுவாகவும் இருக்கலாம்." நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று போன அக்காவுக்கு ஒன்றரை வருஷத்தில் இந்தப் பதில் மூன்று தடவை கிடைத்தது. யாரும் பொய் சொல்லவில்லை. படபடப்பு நின்ற பிறகு எடுத்தால் ஈசிஜி பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். குடியாத்தத்தில் பஸ் ஏறி, பள்ளிகொண்டா தாண்டி, வேலூரில் டோக்கன் போட்டு உட்காருவதற்குள் இதயம் அமைதியாகிவிடும். பிறகு எந்த மெஷினில் எடுத்து என்ன பயன்?

நான்காவது தடவை படபடப்பு இருக்கும்போதே பக்கத்துத் தெரு ஸ்கேன் சென்டருக்கு ஓடினோம். கவுண்டரில் இருந்தவர் "டாக்டர் சீட்டு இருக்கா?" என்றார். இல்லை. சீட்டு வாங்கிக்கொண்டு திரும்ப நாற்பது நிமிஷம் ஆனது, படபடப்பு நின்றுவிட்டது. இன்னும் ஆறவில்லை அந்த ஆத்திரம். ஆனால் வழியும் அங்கேதான் கிடைத்தது. சும்மா இருக்கும் நாளில் டாக்டரிடம் போய், "படபடப்பு வரும்போது உடனே 12 லீட் ஈசிஜி எடுக்கவும்" என்று முன்கூட்டியே எழுதி வாங்கி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் திறந்திருப்பது அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு, ஈசிஜிக்குக் காசும் இல்லை. ஓபி வரிசையில் நிற்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போய் "இப்போ படபடன்னு அடிக்குது" என்று சொல்லுங்கள்.

போகிற வழியிலேயே நாடியைப் பாருங்கள். ஆள்காட்டி விரலும் நடு விரலும் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே. கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், அதற்கே துடிப்பு உண்டு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தாளம் தப்பினால் முழு நிமிஷமும் எண்ண வேண்டும். ஓய்வில் 60 முதல் 100 வரை சாதாரணம். எண்ணிக்கையை விட முக்கியம் அது எப்படித் தொடங்கியது என்பது. காய்ச்சல், பயம், ரத்தசோகை, தைராய்டு, நம்ம ஊர் மே மாச வெயிலில் உடம்பு வற்றுவது, இதிலெல்லாம் துடிப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஸ்விட்ச் போட்ட மாதிரி சட்டென்று 150, 180 என்று ஓடி, சட்டென்று நின்றால், இதயத்தின் மேலறையிலோ அதன் கீழ் இருக்கும் மின் சந்திப்பிலோ மின்னோட்டம் வட்டமடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஸ்விடி என்பார்கள். தொண்டைக் குழியில் அடிப்பதும், நின்ற பிறகு சிறுநீர் அதிகம் போவதும் இதில் வரும். அக்கா இரண்டையும் சொன்னாள், முதல் மூன்று இடத்திலும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு துடிப்பு விட்டு அடுத்தது ஓங்கி அடிப்பது பெரும்பாலும் முன்துடிப்பு, அதாவது நேரத்துக்கு முன்பே வந்துவிடும் துடிப்பு. இடைவெளியில் கூடுதலாக நிரம்பிய ரத்தம் வெளியேறுவதால்தான் அந்த ஓங்கல். தாளமே இல்லாமல் தாறுமாறாக அடித்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா (இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் துடிதுடிப்பது) என்று பார்த்தாக வேண்டும். அதில் ரத்தக்கட்டி மூளைக்குப் போகும் ஆபத்து உண்டு.

இடையில் 24 மணி நேர ஹோல்டரும் மாட்டினோம், நெஞ்சில் ஒட்டி நாள் முழுக்க ஈசிஜி பதியும் சின்னக் கருவி அது. வியர்வையில் இரண்டு ஒட்டு உரிந்து பாதிப் பதிவு வீண். மாட்டும் முன் நெஞ்சில் எண்ணெய், பவுடர் வேண்டாம். ரோமம் இருந்தால் மழிக்கச் சொல்லுங்கள். மாட்டிய பின் குளிக்கக் கூடாது. பயந்து நாள் முழுக்கப் படுத்துக் கிடக்காமல் வழக்கமான வேலையைச் செய்ய வேண்டும், படபடப்பு வந்த நேரத்தைக் குறிக்க வேண்டும். மாசத்துக்கு ஒரு தடவை வருகிறவருக்கு ஒரு நாள் ஹோல்டர் பெரும்பாலும் எதையும் பிடிக்காது. நீண்ட நாள் பதிவு செய்யும் கருவி உண்டா என்று கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான சோதனை), பொட்டாசியம், சர்க்கரை பார்த்தார்கள், எல்லாம் சரி. சாப்பிடும் மருந்துகளை மறைக்காதீர்கள்: சளி மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், அளவு கூடிய தைராய்டு மாத்திரை எல்லாமே துடிப்பை ஏற்றும். காபி, பீடி, புகையிலையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐந்தாவது தடவை சீட்டு கையில் இருந்தது. பத்து நிமிஷத்துக்குள் பேப்பர் வந்தது: நிமிஷத்துக்கு 184, ஒல்லியான அலைகள், ஒரே சீர். எஸ்விடிதான். டூட்டி டாக்டர் 10 மில்லி சிரிஞ்சை வாயில் வைத்து, உள்தண்டு லேசாக நகரும் அளவுக்கு 15 விநாடி ஊதச் சொன்னார். உடனே மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு காலையும் 45 டிகிரிக்கு 15 விநாடி தூக்கிப் பிடித்தார்கள். நின்றது! நிற்காவிட்டால் அந்த ஓட்டத்தை நிறுத்த அடினோசின் ஊசி. போட்ட சில விநாடி நெஞ்சை அமுக்கி உயிர் போகிற மாதிரி இருக்கும், கடந்துவிடும். ஆஸ்துமா இருந்தால் ஊசிக்கு முன் சொல்லிவிடுங்கள். எஸ்விடி என்று உறுதியாகி, டாக்டர் கற்றுக்கொடுத்த பிறகுதான் வீட்டில் ஊதிப் பார்க்கலாம். வயதானவர்களுக்குக் கழுத்தைத் தேய்த்துவிடும் வைத்தியம் கூடவே கூடாது.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் அல்லது கண் இருட்டல், ஒரு பக்கம் கை கால் விழுதல், ஓடும்போது வரும் படபடப்பு, ஏற்கெனவே இதய நோய், வீட்டில் சின்ன வயதில் திடீர் மரணம், இதில் ஒன்று படபடப்போடு சேர்ந்தாலும் சீட்டு, சென்டர் என்று அலையாமல் 108. கால் மணி நேரமாகியும் நிற்காவிட்டாலும் அப்படித்தான். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள், மயங்கினால் விழுந்துவிடுவார்கள்.

அந்த ஒரு பேப்பரைப் பார்த்ததும் இதய மின்னியல் டாக்டர் அபிலேஷனுக்குத் தேதி கொடுத்தார், மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டுக் கோளாறான மின்பாதையைச் சுட்டுவிடும் சிகிச்சை அது. ஈசிஜி தாள் சூட்டில் கறுக்கும் ரகம். பத்திரமாக இருக்கட்டும் என்று மாமா பழைய ரிப்போர்ட் ஒன்றை லேமினேஷன் செய்தார், முழுக்க கறுத்துவிட்டது. கையில் வாங்கிய உடனே தேதியும் நேரமும் தெரிய போட்டோ எடுங்கள், ஜெராக்ஸ் போடுங்கள். நார்மல் என்று வந்த தாளையும் எறியாதீர்கள். பிறவியிலேயே இருக்கும் கூடுதல் மின்பாதை சில சமயம் அதில்தான் தெரியும், டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்.