கடலுக்குப் போன அட்டைகள்

டாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் சூயிங்கத்தோடு விற்ற, வீரர் படம் போட்ட பேஸ்பால் அட்டைகளின் 1952 வரிசையில் 311-ஆம் எண், நியூயார்க் யாங்கீஸ் அணி வீரர் மிக்கி மேன்டில். மிக நல்ல நிலையில் இருந்த ஒன்று 2022-ல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. இத்தனைக்கும் அவருடைய முதல் அட்டை இதுவல்ல. அது 1951-ல் போமன் என்ற போட்டி நிறுவனம் வெளியிட்டது.

311 ஏன் அரிது? அந்த வரிசையின் கடைசிப் பகுதி கடைக்கு வந்தபோது சீசன் முடியும் நேரம். பிள்ளைகள் அமெரிக்கக் கால்பந்து அட்டைக்குத் தாவிவிட்டார்கள். விற்காத பெட்டிகள் கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்தன. கடைசியில் 1960-ல் குப்பைப் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டியதாக, அந்த அட்டைகளை வடிவமைத்த டாப்ஸ் ஊழியர் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். படிக்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது முனை மழுங்கிய, பின்பக்கம் சூயிங்கம் கறை படிந்த சாதாரண அட்டைகள்தான். யாரோ ஒரு பையன் உண்மையிலேயே கையில் வைத்து விளையாடியது என்று அவை சொல்கின்றன. மடிப்புக் கோடு இருந்தால் விலை சரியும். சரி, எனக்கு அது நல்லதுதான். மற்றவர்களோடு அட்டை மாற்றிக்கொள்ளும்போது மட்டும், புதிதுபோல் காட்ட ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று அளந்து பார்த்துவிடுங்கள்.

இப்போது சேர்ப்பது 1956 டாப்ஸ். குறுக்குவாட்டில் ஒரு முகம், பக்கத்தில் ஆட்டக் காட்சி, அவ்வளவு அழகு! ஒரே அட்டை இரண்டு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், மாற்றிக்கொள்வோம்.